செவியைக் கண்ணாக்கிய குரல்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

செவிக்கு விருந்தளிப்போர் பலர். செவியையே கண்ணாக்கித் தருவோர் சிலர். அச்சிலருள் ஒருவர், தமிழில் கிரிக்கெட் வர்ணனை வழங்கிய சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்கள்.

சென்னைச் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தது 1934இல். அதே ஆண்டில் பம்பாயில் தல்யார்கான் வானொலியில் ஆங்கில வர்ணனை செய்தார். அதன்பின் நெடுங்காலம் தமிழ்நாட்டில் வானொலிக் கிரிக்கெட் ஆங்கிலம் அறிந்தோரின் சொத்தாகவே இருந்தது. சென்னை வானொலி தமிழில் வர்ணிக்கத் தொடங்கிய பிறகே, தேநீர்க் கடையில் நின்றவரும் வயல் வரப்பில் டிரான்சிஸ்டர் வைத்திருந்தவரும் சேப்பாக்கத்தில் இடம் பெற்றனர். கூத்தபிரான், இராமமூர்த்தி ஆகியோரோடு அப்பணியில் பெயர் பெற்றவர் ஜப்பார்.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் அவருடைய ஊர். ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு இணைத்தே அறியப்பட்டார். எழுத்திலும் வல்லவர். ஈழத்தில் 2002 ஏப்ரலில் நடைபெற்ற செய்தியாளர் சந்திப்புக்குச் சென்று வந்த அனுபவத்தை ‘அழைத்தார் பிரபாகரன்’ என்னும் நூலாக்கினார். 2020 டிசம்பரில் மறைந்தார்.

வர்ணனை எளிய கலை அன்று. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர் செல்லும். ஆடுகளத்தின் நீளமோ 22 கஜம், அதாவது சுமார் 20 மீட்டர். ஆகவே பந்து, கையை விட்டு மட்டையை அடைய அரை நொடியே ஆகும். அதற்குள் எவராலும் ஒரு வாக்கியம் பேசி முடிக்க இயலாது. ஆகையால், வீசுபவர் ஓடி வரும்போதே யார் வீசுகிறார், யார் எதிர்கொள்கிறார், யார் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிட வேண்டும். அடித்த பின் திசையும் விளைவுமே மிச்சம். இங்கே தமிழ் துணை நிற்கிறது. “ஓடுகிறார், தாவுகிறார், பிடித்துவிட்டார்!” என்றால் போதும்; ஆளும் காலமும் வினைமுற்றுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இப்போதுதான் பெட்டியைத் திருகியவருக்காக ஓட்ட எண்ணிக்கையை மீண்டும் மீண்டும் சொல்வதும் நல்ல வர்ணனையின் இலக்கணம். காணாதவன் மீது கொண்ட மதிப்பே அதன் அடிப்படை எனலாம்.

குரலின் பெருமையை நம் தருமபுரத்தாருக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. ஞானசம்பந்தர் பாடிய பதிகம் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழுக்குள் அடங்காமற்போன தலம் இது. யாழ்மூரிநாதர் என்ற இறைவன் திருப்பெயரே அதற்குச் சான்று. கருவிக்கு எட்டாததும் குரலுக்கு எட்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் படிப்பதை வீட்டில் கேட்கிறார்கள். ஆங்கிலச் சொற்களை அடுக்கிச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போவார்கள். அரை நொடிப் பந்தைக் காணாதவர்க்கும் காட்ட ஒருவரால் முடிந்ததென்றால், ஓராண்டு கற்ற பாடத்தைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்க நம்மால் முடியாதா? மாணவத் தோழர்களே, கற்றவர் காண்பதைக் கல்லாதவரும் காணச் செய்வோம். அதுவே அக்குரலுக்கு நாம் செலுத்தும் நன்றி.