சித்திரை உழவில் கோரையையும் அறுகையும் ஒழிக்கலாம்

இறவை மணிலா அறுவடை முடிந்த நிலங்களும், ஆனி, ஆடியில் மானாவாரி விதைப்பை எதிர்நோக்கியுள்ள புன்செய் நிலங்களும் சித்திரை மாதத்தில் சும்மா கிடக்கின்றன. வளவனூர், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மல்லாட்டை பயிரிடும் சிறு விவசாயிகளுக்குக் களையெடுப்புக் கூலியே பெரும் செலவாகி வருகிறது. அதிலும் கோரையும் அறுகும் மண்டிய நிலத்தில் எத்தனை முறை ஆள் விட்டாலும் பத்து நாளில் மறுபடியும் பச்சை கட்டிவிடும். இந்த இரண்டு களைகளையும் அடக்க ஏற்ற காலம் பயிர்க்காலம் அன்று. நிலம் காலியாக இருக்கும் கோடைக்காலமே.

வெட்டினால் ஏன் சாவதில்லை?

கோரையின் உயிர் மேலே தெரியும் தாளில் இல்லை. கீழே உள்ள கிழங்கில் இருக்கிறது. கிழங்குகள் ஒன்றோடொன்று சங்கிலி போலத் தொடர்ந்திருக்கும். இவற்றில் பெரும்பகுதி மேல்மண்ணில் அரை அடி ஆழத்துக்குள்ளேயே உள்ளது. சங்கிலி அறுபடாமல் இருக்கும்வரை நுனிக் கிழங்கு முளைக்கும். மற்றவை உறங்கிக் கிடக்கும். களைக்கொத்தால் வெட்டும்போது சங்கிலி துண்டாகி, உறங்கிய கிழங்குகளும் முளைக்கின்றன. முளைத்த செடி ஏறக்குறைய மூன்று வாரத்திலிருந்தே புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும்.

அறுகின் கதையும் இதுவே. பட்டணத்தில் புல்தரைக்கென்று விரும்பி வளர்க்கும் அதே புல்தான் வயலில் எதிரியாகிறது. அதன் ஓடுதண்டிலும் மண்ணுக்குள் உள்ள தண்டிலும் கணுவுக்குக் கணு முளை உண்டு. ஈர மண்ணில் அதை நறுக்கிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகிவிடும்.

ஆகவே இவை வெட்டுவதால் சாவதில்லை, காய்வதால்தான் சாகின்றன என்பதை விவசாயிகள் மனதில் கொள்ள வேண்டும்.

உழவு செய்யும் முறை

கோடை மழை பெய்து, மண் கையில் ஒட்டாமல் பொலபொலவென்று உதிரும் பதத்தில் முதல் உழவு செய்ய வேண்டும். சட்டிக் கலப்பையோ இறக்கைக் கலப்பையோ கொண்டு முக்கால் அடி ஆழம் புரட்டினால் கிழங்குகள் மேலே வரும். உழுத பின் பரம்படிக்கக் கூடாது. கட்டிகள் அப்படியே கிடந்து, இரண்டு வாரமாவது வெயிலில் காய வேண்டும். சரிவான நிலத்தில் சரிவுக்குக் குறுக்காக உழுதால் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் நிலத்திலேயே இறங்கும்.

அடுத்த மழைக்குப் பிறகு, எஞ்சிய கிழங்குகள் முளைவிடும். முளைத்த இரண்டு மூன்று வாரத்துக்குள், புதுக் கிழங்கு வைக்குமுன், கொத்துக் கலப்பையால் இரண்டாம் உழவு செய்ய வேண்டும். கொத்துக் கலப்பை அறுகை நறுக்காமல் வாரி இழுத்து வரும். கலப்பையின் பின்னாலேயே சென்று அறுகையும் கிழங்கையும் பொறுக்கி வெளியேற்ற வேண்டும். அறுகை உதறிக் காயவைத்து மாட்டுக்குப் போடலாம். கோரைக்கிழங்கைப் பச்சையாக எருக்குழியில் போடக் கூடாது. எருவோடு அது மீண்டும் வயலுக்கே வந்து சேரும்.

அறுகு மண்டிய நிலத்தில், ஈரம் இருக்கும்போது ரோட்டவேட்டர் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். ஒரே ஓட்டத்தில் நிலம் அழகாகத் தெரியும். ஆனால் அது அறுகை நறுக்கி நிலம் முழுவதும் நட்டது போலாகும். வேறு நிலத்தில் உழுதுவிட்டு வரும் டிராக்டரின் கலப்பையில் ஒட்டியுள்ள மண்ணைத் தட்டிய பிறகே நம் நிலத்தில் இறங்க விட வேண்டும்.

வரப்பில் உள்ள அறுகை அடியோடு செதுக்கிவிட்டால் மழையில் வரப்பு கரையும். எனவே அண்டை மட்டும் வெட்டி, வயலுக்குள் ஓடும் தண்டுகளைத் துண்டித்து அகற்றினால் போதும்.

‘சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்பது நம் முன்னோர் வாக்கு. மானாவாரி மணிலாவை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப் புழுவின் கூட்டுப்புழுக்களும் இந்த உழவில் மேலே வந்து, வெயிலாலும் பறவைகளாலும் அழியும்.

நிழலும் நீரும்

கோரைக்கு நிழல் ஆகாது. தண்ணீர் வசதி உள்ளவர்கள் உழவுக்குப் பின் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் மடக்கி உழுதால், களை அடங்குவதோடு மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும். நெல் பயிரிடக்கூடிய நிலமானால், மணிலாவுக்கு அடுத்து ஒரு போகம் நெல் வைப்பது நல்லது. சேறடித்து நீர் தேக்கிய வயலில் புன்செய்க் கோரை தழைப்பதில்லை.

மருந்தை நம்பலாமா?

மணிலா விதைத்த மூன்று நாளுக்குள் தெளிக்கும் பெண்டிமெத்தலின், விதையிலிருந்து முளைக்கும் களைகளையே தடுக்கும். கிழங்கிலிருந்து வரும் கோரையையும் தண்டிலிருந்து வரும் அறுகையும் அது கட்டுப்படுத்தாது. கரும்பில் கோரைக்கென்று உள்ள ஹாலோசல்பியூரான் மருந்தை மணிலாவில் அடிக்கக் கூடாது. கிளைபோசேட்டைப் பொறுத்தவரை, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் மூலமாக அன்றி எவரும் பயன்படுத்தக் கூடாதென்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது.

பயிர்க்காலத்தில்

கோடை உழவு செய்தாலும் பயிரில் களையெடுப்பு வேண்டியதே; ஆனால் ஆள் குறையும். மணிலாவில் முதல் 45 நாட்களே முக்கியம். 20–25ஆம் நாளில் முதல் களையும், 40–45ஆம் நாளில் இரண்டாம் களையும் எடுக்க வேண்டும். இரண்டாம் களையின்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். அதன்பின் விழுதுகள் மண்ணில் இறங்கியிருக்குமாதலால் செடியின் அடியில் கொத்தக் கூடாது, காய்ப்பு குறைந்துவிடும்.

ஒரே கோடையில் கோரை முழுவதும் ஒழிந்துவிடாது. இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் செய்து வந்தால்தான் மண்ணில் உள்ள கிழங்கு குறையும். கையில் பணம் குறைவாக இருப்பவர்கள், களை அதிகமுள்ள கால் ஏக்கரிலாவது இந்த ஆண்டு தொடங்கலாம். மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகிப் பயன் பெறலாம்.