கால் இழந்தவருக்கு யார் ஆறுதல் சொல்வது?



ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போனால் ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போவோம். "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வருவோம். ஆனால் கால் எடுத்தவரிடம் எப்படி அதைச் சொல்வது? எடுத்த கால் திரும்ப முளைக்காதே! அவருக்கு யார் பேச்சு காதில் ஏறும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

விபத்தில் மட்டும் கால் போவதில்லை. சர்க்கரை நோய் முற்றினால் பாதம் மரத்துப்போகும். வெறுங்காலோடு வயலில் இறங்கும்போது முள்ளோ கண்ணாடியோ குத்தினாலும் தெரியாது. புண் ஆறாமல் சீழ் பிடித்து, கடைசியில் உயிரைக் காப்பாற்றக் காலை எடுக்க வேண்டியதாகிவிடும்.

என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் சொல்லியும் பெரியம்மா அழுதும் பதில் இல்லை. நாலாம் நாள், முன்பு கால் எடுத்த டீக்கடைக்காரர் ஒருவர் வந்தார். அறிவுரை ஒண்ணும் சொல்லலை. செயற்கைக் காலைக் கழற்றிப் பெரியப்பா கையில் கொடுத்தார். பெரியப்பா முதலில் கேட்டது, "கக்கூஸுக்கு எப்படிப் போறீங்க?" அதற்கு அவரிடம் பதில் இருந்தது. பிறகு மெதுவாக, "இல்லாத பாதம் அரிக்குதே, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். "எனக்கும் அரிச்சுதுங்க" என்று அவர் சிரித்தார். அன்று ராத்திரி பெரியப்பா சாப்பிட்டார்.

அந்த அரிப்பு பொய் இல்லை. நம் மூளையில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இடம் உண்டு. கால் போனாலும் மூளையில் அதன் இடம் அழிவதில்லை. அதனால்தான் இல்லாத காலும் அரிக்கும், வலிக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் என்ற விஞ்ஞானி 1990-களில் இதற்குக் கண்ணாடி வைத்தியம் கண்டுபிடித்தார். இருக்கிற கை காலைக் கண்ணாடியில் காட்டினால், இல்லாததும் இருப்பதுபோல் மூளைக்குத் தோன்றும். சிலருக்கு வலி குறையும்.

பட்டவரே வந்து சொன்னால் பலன் உண்டு என்பதற்கு வேலூர் ஓர் உதாரணம். அங்கே சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர் மேரி வர்கீஸுக்கு 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் இழந்தது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாக அவர்தான் காரணம். படுத்திருப்பவர் முன்னால் டாக்டரே சக்கர நாற்காலியில் வந்தால், அதைவிட வேறு என்ன தைரியம் வேண்டும்? அங்கே பழைய நோயாளிகள் திரும்ப வந்து கூடும் 'ரீஹாப் மேளா'வும் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது.

நடனக் கலைஞர் சுதா சந்திரனை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். 1981-ல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு கால் எடுக்கப்பட்டது. ஜெய்ப்பூர் கால் பொருத்திப் பயிற்சி செய்து 1984-ல் மறுபடியும் மேடை ஏறினார். இந்தக் காலை 1968-ல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே.சேத்தியும் உருவாக்கினார்கள். செருப்பு இல்லாமலும் நடக்கலாம், சம்மணம் போடலாம், சேற்றிலும் இறங்கலாம். நம் ஊருக்கு ஏற்ற கால்!

அப்படிப் பார்க்கப் போகிறவருக்கும் சில முறைகள் உண்டு. நோயாளி சம்மதித்தால்தான் போக வேண்டும். "என்னைவிடவா உனக்குக் கஷ்டம்?" என்று பேசக்கூடாது. அவர் அழுதால் அழ விட வேண்டும். மருந்து, புண் பற்றிய கேள்விகளை டாக்டரிடம் விட்டுவிட வேண்டும். கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். வலியை மறைத்துச் சொன்னால், பிறகு எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்.

நம்மால் என்ன முடியும்? வீட்டில் சர்க்கரை உள்ள தாத்தா பாட்டி இருந்தால் தினமும் ராத்திரி அவர்கள் உள்ளங்காலைப் பார்ப்போம். செருப்பு போடச் சொல்வோம். ஊரில் செயற்கைக் காலோடு நடப்பவரைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லாமல் இருப்போம். இன்று படுக்கையில் சுவரைப் பார்த்துக் கிடக்கும் ஒருவருக்கு, டாக்டருக்கும் தெரியாத பாடத்தைச் சொல்லித்தர அவரால் முடியும்.

— ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி