இரு குன்றுகள்

எங்கள் திருப்புட்குழியில் மலை கிடையாது. எத்திசை நோக்கினும் வயலும் ஏரியும் பனையுமே. உயரத்தில் நின்று ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால் வெளியூர்தான் செல்ல வேண்டும். நாங்கள் ஏறிப் பார்த்த இரு குன்றுகளைப் பற்றி, இனிச் செல்லவிருக்கும் தங்கைகளுக்காக எழுதுகிறோம்.

முதலாவது சென்னையிலுள்ள பரங்கிமலை. காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு வழியாகச் செல்லும் ரயிலில் போகலாம். மலை சுமார் 300 அடி உயரமே. அர்மீனிய வணிகர் பெட்ருஸ் உஸ்கான் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்த படிகளை எண்ணிக்கொண்டே ஏறினோம். எண்ணிய நால்வருக்கும் நான்கு விடைகள் வந்தன! படிவழியில் சிலுவைப் பாதையின் 14 நிலைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நின்று செபித்து ஏறினால் மூச்சு இரைக்காது. போட்டி போட்டு ஓடியவர்கள் மேலே போய்த் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டனர்.

உச்சியில் போர்த்துக்கீசியர் 1523-இல் கட்டிய தேவமாதா ஆலயம் இருக்கிறது. அங்கு செபித்தபின் சுற்றிப் பார்க்கலாம். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்றால்தான் தொலைவு தெளிவாகத் தெரியும். ஆகவே காலையில் மேற்கே மீனம்பாக்கம் விமான நிலையத்தையும், மாலையில் கிழக்கே கடலையும் பாருங்கள். மழை ஓய்ந்த மறுநாள் மிகவும் ஏற்றது. மார்கழிக் காலையில் பனிமூட்டம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். 1802-இல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயர், நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரும் பணிக்கு இம்மலையருகில்தான் அடிக்கோடு அளந்தார். கணக்குப் பாடத்தில் எங்களை வாட்டும் முக்கோணம் இவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறது!

இரண்டாவது திருக்கழுக்குன்றம். இங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். கோயில் மலையாதலால் செருப்பைக் கீழேயே விட வேண்டும். நாங்கள் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். உச்சிவேளையில் இரு கழுகுகள் வந்து பிரசாதம் உண்ணும் என்று எங்களில் ஒருத்தியின் பாட்டி கூறியதை நம்பி, பதினோரு மணிக்கு ஏறத் தொடங்கினோம். உள்ளங்கால் கொப்பளித்ததுதான் மிச்சம். கழுகுகள் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று மேலே போன பிறகே அறிந்தோம். காலை ஏழு மணிக்கே ஏறிவிடுங்கள். ஊரின் நடுவே தாழக்கோயிலின் கோபுரங்களும் சங்கு தீர்த்தமும் அப்போது அழகாகத் தெரியும். குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள். இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் குடைவரையில், 17-ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் தம் பெயர்களைச் செதுக்கிச் சென்றிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு யாரும் காம்பஸை எடுத்துவிடாதீர்கள்!

எங்கள் ஊரோ, இராமன் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த தலம் என்று வைணவர் போற்றும் ஊர். அதனால்தானோ என்னவோ, கழுகுகளைக் காணாதது எங்களுக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. மாடுகளுக்குக் கொடுத்து வந்த டைக்ளோஃபினாக் என்னும் வலிமருந்து, அவை இறந்தபின் அவற்றைத் தின்ற கழுகினங்களை நாடெங்கும் கொன்றதாம். 2006-இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை அரசு தடை செய்தது. ஊர் திரும்பிப் பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னோம். அவர் நம்பவில்லை. "நீங்கள் நேரம் தவறிப் போயிருப்பீர்கள்" என்றார்.