எரிந்த புகைக்கு எஞ்சினில் ஒரு பணி

எரிந்து முடிந்த புகையின் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே செலுத்துவது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். எரிதலுக்கு உதவாத வளியை உருளைக்குள் ஏன் விடவேண்டும்? அது எரிதலுக்கு உதவாது என்பதே அதன் பயன்.

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரசன். அதன் இரண்டு அணுக்களையும் முப்பிணைப்பு இறுகப் பிடித்திருப்பதால், இயல்பான வெப்பத்தில் அது எதனோடும் எளிதில் சேர்வதில்லை. உருளைக்குள் சுடர் பரவி வெப்பநிலை 2000 பாகை செல்சியசைத் தாண்டும்போதோ, நைட்ரசன் உயிர்வளியோடு கூடி நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. இவ்வினையின் படிகளை 1940களில் விளக்கியவர் சோவியத் அறிவியலாளர் யாக்கோவ் செல்டோவிச். வெப்பம் ஏற ஏற இதன் வேகம் பன்மடங்கு பெருகும். ஆகவே உச்சவெப்பத்தைச் சற்றே தாழ்த்தினாலும் நஞ்சு பெருமளவு குறையும். லாஸ் ஏஞ்சலிசு நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்திற்கு நைட்ரசன் ஆக்சைடுகளும் எரியாத எரிபொருள் ஆவியும் வெயிலில் வினைபுரிவதே காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-சுமித் காட்டினார். இந்த ஆக்சைடுகளைக் குறைக்கவே 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் புகை மீள்சுழற்சி அமைப்பு இடம்பெறலாயிற்று.

பட்டறைகளில் ஈ.ஜி.ஆர். வால்வு என்று வழங்குவது இதன் வாயில். திரும்பி வரும் புகை, உள்ளே புகும் உயிர்வளியின் செறிவைக் குறைக்கிறது. அதிலுள்ள கரியமில வாயுவும் நீராவியும் வெப்பத்தைக் கூடுதலாக ஏற்றுக்கொள்கின்றன. எரிதல் தணிந்து நிகழ்கிறது. முழு ஆற்றல் வேண்டும் வேளையில் வால்வு பொதுவாக மூடிக்கொள்ளும்.

பெட்ரோல் எஞ்சினில் நைட்ரசன் ஆக்சைடுகளைச் சிதைக்க மும்முனை வினையூக்கியும் உண்டு. டீசல் புகையில் உயிர்வளி மிஞ்சியிருப்பதால் அவ்வினையூக்கி அங்கே அப்பணியைச் செய்ய இயலாது. எனவே டீசலில் மீள்சுழற்சியின் பொறுப்பு பெரிது. அதற்கு ஒரு விலையும் உண்டு. உயிர்வளி குறையும்போது புகைக்கரி மிகுகிறது. எண்ணெய் ஆவியோடு கலந்து அது உள்வழிக் குழாயில் தார்போல் படிகிறது, வால்வு சிக்கிக்கொள்கிறது. திறந்தபடி சிக்கினால் எஞ்சின் தடுமாறும், கரும்புகை கக்கும். வண்டி உரிமையாளரின் மனக்குறை முற்றிலும் நியாயமானது.

ஆனால் வழியில் ஒரு தகட்டை வைத்து அடைப்பதும், கணினி நிரலை மாற்றி வால்வை உறங்க வைப்பதும் தீர்வல்ல. குழாய் தூய்மையாகும், கரும்புகையும் குறையும். எனவே நன்மை விளைந்ததாகவே தோன்றும். அதே வேளையில் கண்ணுக்குத் தெரியாத நைட்ரிக் ஆக்சைடு பெருகி வெளியேறுகிறது. காற்றில் அது நைட்ரசன் டைஆக்சைடாக மாறி மூச்சுக்குழலை அழற்றும். ஆதாயம் ஓட்டுநருக்கு, கேடு தெருவில் நடப்பவருக்கு. பெட்ரோல் வண்டியிலோ ஆதாயமே ஐயத்திற்குரியது. தட்டொலி எழலாம், மிதவேக ஓட்டத்தில் எரிபொருள் செலவும் கூடலாம்.

இந்தக் குறுக்குவழியைத் தயாரிப்பாளர்களே நாடியதுதான் என்னைப் பெரிதும் வருத்துவது. 2015 செப்டம்பரில் அம்பலமான வோக்சுவாகன் முறைகேட்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி டீசல் கார்கள் சிக்கின. ஐரோப்பாவில் விற்ற இ.ஏ.189 எஞ்சின்களின் நிரல், ஆய்வுக்கூடச் சோதனையை இனங்கண்டு மீள்சுழற்சியை மிகுத்தது, சாலையில் குறைத்தது. எஞ்சினில் கரி படிவதைத் தடுக்கிறோம் என்பது இத்தகைய நிரலுக்குச் சாக்காகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 15 முதல் 33 பாகை வரையிலான வெளிவெப்பத்திலும் 1000 மீட்டர் உயரத்திற்குக் கீழும் மட்டுமே மீள்சுழற்சியை முழுமையாக இயக்கிய மற்றொரு நிரலையும் 2022 சூலையில் அது ஏற்கவில்லை. குளிரும் மலையும் நிறைந்த ஆசுத்திரியாவிலிருந்து வந்த வழக்கு அது!

கரிச்சிக்கலுக்கு நேர்மையான விடை பொறியியலிலேயே உண்டு. பல புதிய டீசல் எஞ்சின்களில், துகள் வடிகட்டியைக் கடந்த பின்னரே புகையின் ஒரு பங்கை எடுத்துக் குளிர்வித்து, டர்போவுக்கு முன்னால் காற்றோடு சேர்க்கிறார்கள். கரி வடிகட்டியிலேயே தங்கிவிடுவதால் உள்வழிக்குத் தூய வளியே வந்து சேர்கிறது. பழைய வண்டிகளில் வால்வையும் குழாயையும் கழற்றிக் கரியை நீக்கினாலே பெரும்பாலும் தடுமாற்றம் நீங்கும். தேய்ந்த வால்வாயின் மாற்ற வேண்டியதுதான்.