பழைய அடைவும் புதிய தேடுபொறியும்

தேடுபொறியில் ஒரு சொல்லைத் தட்டியதும் அது எல்லா ஆவணங்களையும் முதல் எழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறது என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அப்படி வாசித்தால் விடை கிடைப்பதற்குள் பரீட்சை முடிந்துவிடும். உண்மையில் அது வாசிக்கும் வேலையை எப்போதோ முடித்துவிட்டது. எந்தச் சொல் எந்த ஆவணத்தில், எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று ஒரு பட்டியலும் எழுதி வைத்திருக்கிறது. நாம் கேட்கும்போது அந்தப் பட்டியலை மட்டுமே பார்க்கிறது. இந்தப் பட்டியலைச் சொல்லடைவு, சுருக்கமாக அடைவு என்று இக்கட்டுரையில் அழைக்கிறேன்.

கணினிக்கு முன்பே அடைவுகள் இருந்தன. அறபு படிக்கும் தோழிகள் 'அல்முஃஜம் அல்முஃபஹ்ரஸ்' என்ற தடித்த நூலைக் கண்டிருப்பீர்கள். எகிப்தைச் சேர்ந்த முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாகீ தொகுத்து, 1945இல் கெய்ரோவில் வெளிவந்த அல்குர்ஆன் சொல்லடைவு அது. ஒரு சொல் நினைவிருந்து வசனம் எங்கே என்று தெரியாவிட்டால் அதில் பார்க்கலாம். கிதாப், காதிப், மக்தூப் மூன்றும் அதில் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கமாட்டா. மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பதால் ஒரே தலைப்பின் கீழ் வரும். இந்த வேர் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்று உலகில் எத்தனையோ நூலகங்களும் இணையத்தளங்களும் பயன்படுத்தும் அடைவு எழுதும் இயந்திரத்தின் பெயர் லூசீன். அமெரிக்கரான டக் கட்டிங் 1999இல் எழுதியது. தன் மனைவியின் நடுப்பெயரையே அதற்கு வைத்தார். லூசீன் தனியே ஒரு சேவையகம் அல்ல. அதை உள்ளே வைத்துக் கட்டிய சேவையகங்களில் பெயர்பெற்றவை இரண்டு. யோனிக் சீலி 2004இல் தொடங்கிய சோலர் ஒன்று, ஷாய் பேனன் 2010இல் வெளியிட்ட இலாஸ்டிக்சேர்ச் மற்றையது. பேனன் இந்த வழியில் இறங்கியதே மனைவியின் சமையற் குறிப்புகளில் தேட வசதி செய்து கொடுக்கத்தானாம். தேடுபொறி வரலாற்றில் மனைவிமாருக்கு ஏதோ ஒரு பங்கு இருக்கத்தான் செய்கிறது.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். மென்பொருளைப் புதுப்பிப்பது பெரிய வேலை அல்ல. பழைய நிரலை எடுத்துவிட்டுப் புதிய நிரலை வைக்கிறோம். ஆனால் அடைவு நிரலின் பகுதி அல்ல. பழைய நிரல் தன் சொந்த முறையில் எழுதிய கையெழுத்துப் பிரதி அது. புதிய நிரலுக்கு அந்தக் கையெழுத்து விளங்குமா என்பதே கேள்வி.

லூசீனின் விதி இதுதான்: ஒரு பெரும் பதிப்பு, தனக்கு ஒரு படி முந்திய பெரும் பதிப்பு எழுதியதை வாசிக்கும். அதற்கு அப்பால் வாசிக்காது. ஆறாம் பதிப்பின் அடைவை ஏழு திறக்கும், எட்டு திறக்காது. உடனே நமக்குத் தோன்றும் குறுக்கு வழி, முதலில் ஏழுக்குப் போய் அங்கே அடைவைப் புதிய வடிவில் எழுதிக்கொண்டு பிறகு எட்டுக்குப் போவது. அப்படி எழுதித் தரும் கருவி ஒன்றும் லூசீனுடனேயே வருகிறது. 2019 மார்ச்சில் வந்த எட்டாம் பதிப்பு இந்தக் குறுக்கு வழியை மூடிவிட்டது. ஏழாம் பதிப்பு முதல் ஒவ்வோர் அடைவும் தான் எந்தப் பெரும் பதிப்பில் பிறந்தது என்பதைக் குறித்து வைத்திருக்கிறது. அடையாள அட்டையை எத்தனை தடவை புதுப்பித்தாலும் பிறந்த திகதி மாறாதல்லவா? ஆறில் பிறந்த அடைவை ஏழில் எத்தனை தடவை திருப்பி எழுதினாலும் எட்டு அதன் பிறப்பைப் பார்த்துவிட்டு மறுத்துவிடும்.

இதை முதலில் வாசித்தபோது வீண் பிடிவாதம் என்றே எனக்குப் பட்டது. காரணம் தெரிந்தபின் நியாயம் என்று தோன்றுகிறது. ஒரு சொல் நீண்ட கட்டுரையில் ஒரு தடவை வருவதை விட, சிறிய தலைப்பில் ஒரு தடவை வருவது முக்கியம். ஆகையால் ஒவ்வோர் ஆவணத்துக்கும் அதன் நீளத்தை அடைவில் குறிக்க வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க இதற்கு ஒரேயொரு பைற்று ஒதுக்கினார்கள். பழைய முறையில் நீளத்தின் வர்க்கமூலத்தை எடுத்து, ஒன்றை அதனால் வகுத்து, வரும் விடையைத் தோராயமாக வெட்டி எழுதினார்கள். நான்கு சொற்கள் கொண்ட தலைப்புக்கு 0.5 வரும். மூன்று சொற்களுக்கு 0.577 வர வேண்டும், ஆனால் வெட்டியபின் அதுவும் 0.5 ஆகிவிடும். ஏழாம் பதிப்பு சிறிய நீளங்களைச் சரியாகவே குறிக்கும் புதிய முறைக்கு மாறியது. பழைய அடைவில் 0.5 என்று இருப்பதைப் பார்த்து அது மூன்றா நான்கா என்று இனி யாரால் சொல்ல முடியும்? இழந்த தகவலை எந்தக் கருவியும் திருப்பித் தராது. மூல ஆவணத்தை மீண்டும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

அச்சு நூல்களிலும் இதைப் போன்ற ஒன்று நடந்திருக்கிறது. குஸ்தாவ் ஃப்ளூகல் என்ற ஜேர்மன் அறிஞர் 1842இல் லைப்சிக் நகரில் ஒரு குர்ஆன் சொல்லடைவை வெளியிட்டார். அதிலுள்ள வசன எண்கள், அவரே 1834இல் அச்சிட்ட பதிப்பின் எண்கள். பின்னர் 1924இன் கெய்ரோ பதிப்பு எங்கும் பரவியது. வசன எண்ணிடல் பல இடங்களில் வேறுபட்டது. அடைவில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் அது காட்டும் எண்ணை நம் கையிலுள்ள பிரதியில் பார்த்தால் வேறு வசனம் நிற்கும். ஃப்ளூகலின் உழைப்பை அடியாகக் கொண்ட அப்துல் பாகீ, எண்களைப் புதிய பதிப்புக்கு ஏற்பத் தந்தார். எந்த அடைவும் ஏதோ ஒரு பதிப்பின் அடைவுதான்.

இனி நம் மொழிக்கு வருகிறேன். என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்துவந்தது தமிழ்தான். எங்கள் மூத்தம்மாவும் அயலிலுள்ள மூதாட்டிகளும் சொல்லக் கேட்ட நாட்டார் கவிகளை நான் தட்டச்சுச் செய்து சேர்த்து வருகிறேன். அவர்களில் இருவர் இப்போது நம்மிடையே இல்லை. நானாவின் பழைய கணினியில் சோலரின் எட்டாம் பதிப்பை நிறுவி இந்தக் கவிகளை அதில் ஏற்றினேன். 'கடல்' என்று தேடினால் 'கடல்' என்ற சொல் தனியாக வரும் கவிகள் மட்டுமே வந்தன. கடலில், கடலுக்கு, கடலோரம் எல்லாம் வெளியே நின்றன. இயந்திரத்துக்கு அவை வேறு வேறு சொற்கள். கிதாபையும் மக்தூபையும் ஒரே வேரில் சேர்த்த அப்துல் பாகீ போல் தமிழுக்கு அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

2021 டிசம்பரில் வெளியான லூசீன் 9.0இல் சேர்பிய, நேபாள மொழிகளோடு தமிழுக்கும் ஒரு பகுப்பான் சேர்க்கப்பட்டது. அது வேற்றுமை உருபு முதலான ஒட்டுகளை வெட்டி, மிஞ்சும் அடியை அடைவில் எழுதும். சில சொற்களை அளவுக்கு மீறி வெட்டிவிடும்தான், எந்த மொழியின் வெட்டியும் இதற்கு விலக்கல்ல. இந்த லூசீனைக் கொண்ட சோலர் 9, 2022 மே மாதம் வந்தது. எட்டில் பிறந்த அடைவை ஒன்பது தாராளமாகத் திறக்கும். விதிப்படி எல்லாம் சரி.

ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பழைய அடைவைத் திறந்துகொண்டு, தமிழ்ப் பகுப்பானை மட்டும் இயக்கிவிட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நான் 'கடலில்' என்று கேட்கிறேன். பகுப்பான் அதை வெட்டிக் 'கடல்' ஆக்கி அடைவில் தேடுகிறது. ஆனால் பழைய அடைவில் அந்தக் கவி 'கடலில்' என்ற முழுச் சொல்லின் கீழ்தான் பதிவாகியுள்ளது. எனவே அது கிடைக்காது. நேற்றுவரை கிடைத்த கவி இன்று காணாமற்போகிறது. இயந்திரம் ஒரு பிழைச் செய்தியும் காட்டாது, விடை மட்டும் குறைந்து வரும். கோப்பு பத்திரமாக இருப்பதும் அடைவு பயன்படுவதும் ஒன்றல்ல.

இதே கதைதான் எழுத்துருவிலும். நம் நாட்டில் பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவை, கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கின்றன. அவற்றை அப்படியே அடைவாக்கினால் தமிழில் தேடி ஒன்றும் அகப்படாது. யுனிகோடுக்கு மாற்றிவிட்டு அடைவை மீண்டும் எழுதுவதுதான் வழி.

ஆக, மீண்டும் எழுத மூலம் வேண்டும். மூலம் எங்கே? சோலரில் ஒவ்வொரு புலத்துக்கும் இரண்டு தெரிவுகள் உண்டு: தேடுவதற்காக அடைவில் எழுதுவது ஒன்று, எழுத்து மாறாமல் அப்படியே சேமிப்பது மற்றொன்று. இரண்டாவதை நிறுத்தி வைத்தால் இடம் மிச்சம். பலர் நிறுத்தியும் வைக்கிறார்கள். அப்படி வைத்துவிட்டு மூலக் கோப்புகளையும் தொலைத்தால், தேடினால் 'ஆம், இருக்கிறது' என்று சொல்லும், ஆனால் வாசிக்கத் தராத ஒரு நூலகம்தான் மிஞ்சும்.

அடைவிலிருந்து மூலத்தை மீட்கவே முடியாதா? ஓரளவு முடியும். சாக்கடல் அருகே 1947 முதல் கண்டெடுக்கப்பட்ட சுருள்களில் ஒரு பகுதி பல தசாப்தங்களாக அச்சேறாமல் சில அறிஞர்களின் கையிலேயே இருந்தது. 1950களில் அவற்றுக்கு அட்டைகளில் ஒரு சொல்லடைவு தயாரிக்கப்பட்டிருந்தது. 1988இல் அதன் சில பிரதிகள் மட்டும் வெளியே வந்தன. ஒவ்வொரு சொல்லுடனும் அதன் அயற்சொற்களும் குறிக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவில் பென் சியோன் வாக்ஹோல்டரும் அவருடைய மாணவர் மார்ட்டின் அபெக்கும் அந்த அடைவைக் கணினியில் ஏற்றி, சொல்லோடு சொல்லைப் பொருத்தி, காணாத சுருள்களின் வாசகத்தை 1991இல் நூலாகவே வெளியிட்டார்கள். லூசீன் அடைவிலும் சொல்லின் இட எண் இருப்பதால், லூக் என்ற கருவி இதே முறையில் ஆவணத்தைக் கோத்துக் காட்டும். ஆனால் பகுப்பான் வெட்டிய உருபுகள் வெட்டியபடியே இருக்கும், நிறுத்தற்குறிகள் இரா. கவியில் ஓர் உருபு போனால் ஓசையும் போயிற்று. ஆகவே சேமிக்கும் தெரிவை நிறுத்தாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். கவிகளும் கதைகளும் எடுக்கும் இடம் ஒரு சில புகைப்படங்களின் அளவுக்கும் வராது.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். முதலில் சேவையகத்தை நிறுத்திவிட்டுத் தரவுக் கோப்புறை முழுவதையும் வேறு வன்றட்டுக்குப் பிரதி எடுத்தேன். நிறுத்துவது அவசியம். லூசீன் அடைவைத் துண்டு துண்டான கோப்புகளாக எழுதுகிறது. எழுதிய துண்டைத் திருத்துவதில்லை, சிறிய துண்டுகளை இணைத்துப் பெரியதாக்கிவிட்டுப் பழையவற்றை அழிக்கும். ஓடும்போது பிரதி எடுத்தால் பாதியில் ஒரு துண்டு மறைந்துவிடலாம். நிறுத்த முடியாத பெரிய சேவையகங்களில் சோலரின் காப்புப்பிரதிக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று: ஒன்பதாம் பதிப்பு பழைய அடைவில் ஒரேயொரு ஆவணத்தை எழுதி முடித்தாலும், பிறகு எட்டால் அதைத் திறக்க முடியாது. திரும்பும் வழி அந்தப் பிரதி மட்டுமே.

பின்பு ஒன்பதை வேறு கோப்புறையில் நிறுவி, பழைய அடைவை வாசிக்க மட்டும் திறந்தேன். அதன் பக்கத்திலேயே தமிழ்ப் பகுப்பானோடு வெற்று அடைவு ஒன்றை உருவாக்கி, சேமித்திருந்த புலங்களைப் பழையதிலிருந்து வாசித்துப் புதியதில் ஏற்றினேன். இங்கே இரண்டு நுணுக்கங்கள் உண்டு. சோலர் தானே ஒவ்வோர் ஆவணத்திலும் சேர்க்கும் பதிப்பெண் புலத்தை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால், இல்லாத ஆவணத்தைத் திருத்த வருகிறோம் என்று நினைத்துப் புதிய அடைவு ஏற்க மறுக்கும். ஒரு புலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் பிரதியாகும் புலங்களையும் விட வேண்டும், இல்லையென்றால் உள்ளடக்கம் இரட்டிக்கும்.

ஏற்றி முடிந்ததும் ஆவணங்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டேன். சோலர் இரண்டு எண்களைக் காட்டும். ஒன்று அழித்தவற்றையும் சேர்த்தது. அதை விட்டு மற்றதையே ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது என்பதால், மாற்றத்துக்கு முன்பே இருபது தேடல்களை ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கவிகள் வந்தன என்று குறித்திருந்தேன். கடல், கடலில், வயல், வயலுக்கு, தோணி, தோணியில் என்று அந்தப் பட்டியல் போகும். முன்பு வந்த கவி ஒன்றாவது இப்போது வராமல் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். கூடுதலாக வந்தவற்றை மறுநாள் ஆறுதலாக ஒவ்வொன்றாக வாசித்தேன்.

கடைசி வேலை பெயர் மாற்றம். பழைய அடைவின் பெயரையும் புதியதன் பெயரையும் ஒரே கட்டளையில் இடம் மாற்ற சோலரில் வசதி உண்டு. பல சேவையகங்கள் சேர்ந்து இயங்கும் இடங்களில் இதே வேலைக்கு மாற்றுப்பெயரைப் பயன்படுத்துவார்கள். தேடுபவர் எப்போதும் கேட்கும் பெயரிலேயே கேட்பார், விடை புதிய அடைவிலிருந்து வரும். நான் இடம் மாற்றியது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். பழைய பிரதி இன்னும் அந்த வன்றட்டில்தான் இருக்கிறது. இடம் காணாது, அழித்துவிடு என்று நானா வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறார்.