பலகைத் தட்டுக் கீச்சிட்டால்

விதைநெல் மூடைகள் ஈரநிலத்தில் கிடந்தால் ஈரத்தை உறிஞ்சி முளைப்புத்திறனை இழக்கும். அதனாலேயே கொட்டிலுக்குள் பலகைத் தட்டு அடிக்கிறோம். மிதிக்கும்போது அது கீச்சிட்டால் அலட்சியம் செய்யலாகாது. மாரியில் மரம் ஊதும்; கோடையில் சுருங்கும். இதனால் ஆணித்துளை தளர்ந்து, பலகை ஆணியோடு உராய்கிறது.

மூடைகளை இறக்கிவிட்டு, ஒருவர் மேலே மிதிக்க மற்றவர் கீழிருந்து பார்த்தால் இடம் தெரியும். பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே நீக்கல் இருந்தால் மெல்லிய மர ஆப்பை மெதுவாகச் செருகுவோம்; மிகையாக அடித்தால் பலகை மேலெழும். பின்பு பழைய துளைக்கு அருகே இரண்டு ஆணிகளை எதிரெதிர்ச் சாய்வாக அடிப்போம். நேராக அடித்த ஆணி இலகுவில் கழன்றுவிடும். பலகையோடு பலகை உராய்ந்தால் அவ்விடத்தில் மெழுகுதிரி தேய்த்தாற் போதும். சட்டம் உக்கியிருந்தால் ஆணி பிடிக்காது, சட்டத்தையே மாற்றவேண்டும்.

காலபோக விதைப்புக்கு நம்மிடம் உள்ளது இந்த நெல்தான். மாரிக்கு முன்பே தட்டைப் பார்த்துவிடுவோம்.