தாத்தாவோட குரல் பரண் மேல இருக்கு!

பொங்கலுக்கு பரண் ஒழிச்சீங்களா பாஸ்? பித்தளை அண்டாவுக்கும் பழைய முறத்துக்கும் நடுவுல, செங்கல் சைஸுல கறுப்பா ஒண்ணு தூங்கிக்கிட்டு இருந்திருக்குமே... எடைக்குப் போட்டுடாதீங்க. அது உங்க அப்பா, அம்மா கல்யாண கேசட்!

ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் அறிமுகப்படுத்திய வி.ஹெச்.எஸ். டேப் அது. 80, 90-களில் தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணம்னா, தோளில் பெரிய கேமராவோடு வீடியோக்காரர் வந்துடுவார். வாழைமரம் கட்டின பந்தல், நாதஸ்வரம், இலை முன்னாடி வெட்கப்படுற பெரியப்பா... எல்லாமே அரை இஞ்ச் அகல டேப்பில் காந்தப் பதிவாக இருக்கு.

ஆனா, டெல்டாவோட ஈரம் நெல்லுக்குத்தான் நல்லது. டேப்புக்கு எமன்! ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூஞ்சை பிடிச்சிடும். கேசட் ஜன்னல் வழியா வெள்ளைத் திட்டு தெரிஞ்சா, அப்படியே டெக்கில் திணிக்காதீங்க. டேப் அறுந்துடலாம், பூஞ்சை டெக்கில் ஒட்டிக்கிட்டு அடுத்த கேசட்டுக்கும் தொத்தும். விவரம் தெரிஞ்சவர்கிட்ட கொடுத்து சுத்தம் பண்ணுங்க. கேசட் முதுகில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் தகட்டையும் உடைச்சிடுங்க. தப்பித் தவறி மேல எதுவும் ரெக்கார்ட் ஆகாது.

டெக்குக்கு எங்கே போறது? கடைசி வரை வி.சி.ஆர். தயாரிச்சுக்கிட்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திடுச்சு. பழைய ஸ்டூடியோக்காரர்களை விசாரிச்சாதான் உண்டு.

வேலை சிம்பிள். டெக்கிலிருந்து வர்ற ஒயரை ஒரு கேப்சர் கருவி வழியா கம்ப்யூட்டரில் மாட்டணும். ப்ளே அழுத்தணும். பதிவானதை டி.வி.டி.யில் எழுதணும். ஆனா குறுக்கு வழி கிடையாது. 3 மணி நேர கேசட் மாற முழுசா 3 மணி நேரம் ஆகும்.

'செம போர்டா மச்சி!'ன்னு நானும்தான் நினைச்சேன், பாட்டி பக்கத்துல வந்து உட்கார்ற வரைக்கும். பந்தி சீன் ஓடுது. "இந்த இலைக்கு ரசம் கொண்டாப்பா!" கணீர்னு ஒரு குரல். தாத்தா! நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டவர். போட்டோவில் விறைப்பா நிக்கிற மனுஷனுக்கு இப்படியொரு குரலா?

பாட்டி ஒண்ணுமே பேசலை. "திரும்பப் போடு"ன்னாங்க. மூணு தடவை போட்டேன். அப்புறம் ஒவ்வொரு முகத்தையும் காட்டி, பேரும் உறவும் சொல்ல ஆரம்பிச்சாங்க. அப்பாவுக்கே பாதிப் பேரைத் தெரியலை! எத்தனையாவது நிமிஷத்துல யாருன்னு நோட்டுல எழுதிக்கிட்டேன். அந்த 3 மணி நேரம் பத்தவே இல்லை.

இன்னொரு விஷயம். டி.வி.டி.யும் கீறல் விழுந்தா, சாயம் மங்கினா போச்சு. இப்போ வர்ற லேப்டாப்கள் பலதுல அதைப் போட இடமே இல்லை. அதனால ஹார்டு டிஸ்க்கில் ஒண்ணு, அத்தை வீட்டில் ஒண்ணுன்னு கூடுதலா காப்பி வைங்க.

கேசட்டை எத்தனை காப்பி வேணும்னாலும் எடுக்கலாம். பேர் சொல்ற பாட்டிக்கு காப்பி கிடையாது. இந்த லீவுலயே பரண் ஏறுங்க பாஸ்!